வனைந்த கை

ஒரு நாட்டின் பழமையை அறிய விரும்புவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் நாடிச் செல்வர். அவை வேந்தரின் வெற்றியையும் வள்ளல்களின் கொடையையும் எடுத்துரைக்கும். ஆனால் அந்நாட்டு மக்கள் எதில் சமைத்தனர், எதில் நீர் மொண்டனர், விதைநெல்லை எதில் காத்தனர் என்று அறிய வேண்டின், மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் ஓட்டுச் சில்லுகளையே வினவுதல் வேண்டும். பொன் உருக்கப்பட்டு வேறு அணியாகிவிடும், இரும்பு துருவேறித் தேயும், மரம் மட்கும். சுட்ட மண்ணோ உடைந்த பின்னும் அழிவதில்லை. ஆதலால் அகழ்வாராய்ச்சி அறிஞர்க்குப் பானையோட்டினும் சிறந்த சான்று பிறிதொன்று இல்லை.

பானை வெறும் மண்ணால் மட்டும் ஆவதன்று. ஆட்சியும் வாணிகமும், வறுமையும் வளமும், ஒரு சமுதாயம் உழைப்பவனுக்கு அளிக்கும் மதிப்பும் ஒருங்கு கூடி அதனை உருவாக்குகின்றன. இதனை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டும், நெடுந்தொலைவில் உள்ள சிறுநாடு ஒன்றின் வரலாற்றைக் கொண்டும் இங்கு விளக்குவேன்.

தமிழகத்தில் மட்கலத் தொழில் மிகவும் தொன்மையானது. எங்கள் தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-ஆம் ஆண்டு பிரிந்து தனியான கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்னும் ஊர் உள்ளது. அங்குத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, கருப்பு சிவப்பு நிறமுடைய மட்கலங்கள் நாலாயிரம் ஆண்டுகட்கு முன்னரே, புதிய கற்காலத்தின் பிற்பகுதியிலேயே, வழக்கிற்கு வந்துவிட்டன எனக் கண்டனர். இக்கலங்களின் உட்புறமும் விளிம்பும் கருப்பாகவும், வெளிப்புறம் சிவப்பாகவும் இருக்கும். இவ்விரு நிறங்களும் பூசப்பட்டவை அல்ல, நெருப்பே தீட்டியவை. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைக்கும்போது, காற்றுப் புகாத உட்பகுதி கரியேறிக் கருக்கும். காற்றுப் படும் வெளிப்பகுதியில் மண்ணிலுள்ள இரும்புச் சத்துச் சிவக்கும். ஏட்டுக் கல்வி இல்லாத காலத்தே தீயையும் காற்றையும் இவ்வாறு ஆண்ட கைகளின் நுண்ணறிவை என்னென்பது!

பொருநைக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை ஆராய்ந்து, இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகளை வெளிக்கொணர்ந்தார். வைகைக் கரையில் உள்ள கீழடியில் 2014-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நிகழ்ந்து வருகின்றது. அங்குக் கிடைத்த தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளில் ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் காணப்படுகின்றன. எகிப்து நாட்டில் செங்கடற் கரையில் இருந்த குசெய்ர் அல்-காதிம் என்னும் பழந்துறையிலும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடு ஒன்று அகப்பட்டது. 'பானை ஒறி' என்னும் சொற்கள் அதில் உள்ளன. ஒறி என்பது நாம் இன்று வழங்கும் உறியே. கடல் கடந்து வாணிகம் செய்யச் சென்ற தமிழன், பானையையும் உறியையும் அவற்றின் பெயரையும் உடன் கொண்டு சென்றான் என்பது இதனால் விளங்குகின்றதன்றோ!

சங்க காலச் சமுதாயம் குயவரைப் போற்றியது. அவரை 'வேட்கோ' என்று அக்கால இலக்கியம் குறிக்கும். மன்னன் இறந்தபோதும், கணவனை இழந்த மகள் ஒருத்தி கலங்கியபோதும், தாழி வனையும் குயவரை விளித்துப் பேசுவனவாக அமைந்த பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. வெண்ணிக் குயத்தியார் என்னும் புலவர், வெண்ணிப் போரில் வென்ற கரிகாலனையே நோக்கி, தோற்று வடக்கிருந்த வேந்தன் நின்னினும் நல்லன் அல்லனோ என்னும் கருத்துப்படப் பாடினார். வென்ற வேந்தன்முன் தோற்றவன் பெருமையைக் கூறும் துணிவு அப்பெருமாட்டிக்கு இருந்தது. அவர் பெயரை நோக்குங்கள். வெண்ணி என்பது ஊர். குயத்தியார் என்பது தொழிலும் குடியும் பற்றி வந்தது. பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் யாது? அதனைக் காலம் நமக்குக் காட்டவில்லை. கீழடி ஓடுகளிலும் பெரும்பாலும் கலத்தை உடையவர் பெயரே பொறிக்கப்பட்டுள்ளது என்பர் அறிஞர். இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

எங்கள் தொப்பூர், சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் பெருவழியில், மலைகளுக்கிடையே அமைந்த கணவாயூர். என் இளமையில் எங்கள் இல்லத்தின் சமையற்கட்டில் மண்ணால் ஆகாத கலம் மிகச் சிலவே. கேழ்வரகுக் களி கிளறுவதற்கென வாயகன்ற பானை ஒன்று தனியே இருக்கும். துடுப்பின் அழுத்தத்தைத் தாங்குமாறு அதன் அடி சற்றுத் தடித்திருக்கும். கம்பங்கூழ் புளிக்க வைக்க ஒரு பானை; புளி அடைத்து வைக்க ஒரு சாடி; விதை காக்க அடுக்குப் பானைகள்; மோருக்குக் கலயம்; குழம்புக்குச் சட்டி; தண்ணீருக்குக் குடம். குடத்தின் நுண்துளைகளின் வழியே கசியும் நீர் காற்றுப்பட்டு ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் கவர்ந்து செல்லும். வேனிற் பகலிலும் அந்நீர் தண்ணென்று இருப்பதன் காரணம் இதுவே.

இக்கலங்கள் யாவும் ஊர்க்கோடியில் இருந்த குயவர் வீட்டிலிருந்து வந்தன. அவற்றிற்கு உடனுக்குடன் காசு கொடுக்கும் வழக்கம் அந்நாளில் முற்றும் வரவில்லை. அறுவடை முடிந்து களத்தில் தவசம் குவியும்போது, தச்சர், கொல்லர் முதலியோருடன் குயவருக்கும் உரிய மேரை அளக்கப்படும். உழவன் வாழ்ந்தால் குயவனும் வாழ்வான். மழை பொய்த்தால் இருவரும் வாடுவர். அவ்வாழ்வில் பிணைப்பு இருந்தது. ஆயினும் முழுமையான மதிப்பு இருந்ததென்று கூற இயலாது. மேரை பெறுவோர் களத்தின் ஓரத்தில் நின்றே பெற்றனர்.

அப்பிணைப்பு தளர்ந்ததற்கு வரலாற்றுக் காரணங்கள் பல. 1792-ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் எனப்பட்ட எங்கள் பகுதி ஆங்கிலக் கும்பினியாரின் கைக்கு மாறியது. அலெக்சாந்தர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமசு மன்றோவும் இங்கேதான் இரயத்துவாரி முறைக்கு அடிகோலினர். உழவர் ஒவ்வொருவரும் அரசுக்கு வரியைப் பணமாகச் செலுத்தும் முறை அது. தவசத்தைப் பங்கிட்டு வாழ்ந்த ஊர்வாழ்வில் பணம் மெல்ல மெல்ல வலிமை பெற்றது. மேரை உடனே மாய்ந்துவிடவில்லை. எனினும் அதன் வேர் ஆட்டம் கண்டது.

சென்னையில் 1850-ஆம் ஆண்டு அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இந்நாட்டுக் களிமண் வகைகளை ஆராய்ந்து, மட்கலத் தொழிலைப் புதுமுறையில் வளர்க்க வேண்டும் என்பதும் அவர் நோக்கங்களுள் ஒன்று. ஆனால் அதே கலைப்பள்ளியில்தான், 1898-ஆம் ஆண்டு, ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கி வைத்தார். மண்ணை வளர்க்க எழுந்த மனையிலேயே மண்ணுக்குப் போட்டி பிறந்தது. அலுமினியத்தைத் தொடர்ந்து எவர்சில்வர் வந்தது. அதன்பின் பிளாஸ்டிக் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் எங்களுக்கு அண்மையில் உள்ள சேலத்திலேயே உருக்காலை இயங்கத் தொடங்கி, துருவேறா எஃகுத் தகடுகளை ஆக்கிற்று. உடையாத கலம் கிடைக்கும்போது உடையும் கலத்தை யார் விரும்புவர்? இல்லத்தரசியரைக் குறை கூறுவதற்கு இல்லை. கிணற்றடியில் குடம் உடைந்து வெறுங்கையோடு திரும்பிய துன்பம் அவர்களுக்கே தெரியும்.

ஒரு வியப்பு யாதெனில், எவர்சில்வர் பாத்திரம் வாங்கிய நம் மக்கள், கடைக்காரரைக் கொண்டு அதன் மேல் தம் பெயரை வெட்டுவித்தனர். கீழடியில் ஆதன் பெயர் கலத்தின் மேல் பொறிக்கப்பட்டது போலவே, என் பாட்டியின் பெயரும் ஒரு தூக்குப் பாத்திரத்தின் மேல் இன்றும் உள்ளது. ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் இவ்வழக்கம் மாறவில்லை. கலத்தின் மேல் உடையவர் பெயர் உண்டு. கொடுத்தவர் பெயரும் உண்டு. ஆக்கியவர் பெயர் மட்டும் இல்லை.

இந்நினைவு என் உள்ளத்தில் ஆழப் பதிந்ததற்கு ஒரு பீங்கான் கோப்பையே காரணம். என் பழைய மாணாக்கர் ஒருவர் பொறியாளராகப் பின்லாந்து நாட்டுக்குச் சென்று பணியாற்றித் திரும்பியபோது அதனை எனக்குக் கொணர்ந்து தந்தார். பூ வேலையோ பொன் விளிம்போ இல்லாத எளிய கோப்பை அது. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் 'அரபியா' என்னும் முத்திரை இருந்தது. பனி மூடிய வடநாட்டுக் கோப்பைக்கு அரபியா என்று பெயர் வருவானேன் என வினவினேன். ஹெல்சிங்கி நகரத்தில் ஆலை அமைந்த இடத்தின் பெயரே அஃது என்றார் அவர். அன்று முதல் அந்நாட்டுப் பீங்கான் கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

பின்லாந்து நெடுங்காலம் சுவீடனின் ஆட்சியிலும், 1809-க்குப் பின் இரசியப் பேரரசின் ஆட்சியிலும் இருந்த நாடு. 1873-ஆம் ஆண்டு ரோர்ஸ்ட்ராண்டு என்னும் சுவீடன் நாட்டு நிறுவனம் ஹெல்சிங்கியில் அரபியா ஆலையை நிறுவியது. இரசியச் சந்தையில் கலங்களை விற்பதே அதன் நோக்கம். ஆலை இருந்தது பின்லாந்தில். முதலும் சந்தையும் பிறருடையன. 1917-ஆம் ஆண்டு பின்லாந்து விடுதலை பெற்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அவ்வாலை அந்நாட்டவர் கைக்கு வந்துவிட்டது. புதிதாகப் பிறந்த அச்சிறு நாடு, 'நாங்கள் யார்?' என்னும் வினாவிற்குத் தன் கைவினைகளின் வாயிலாகவும் விடை கூற விழைந்தது. 1932-ஆம் ஆண்டு அவ்வாலைக்குள் கலைப்பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. கலைஞர்க்குத் தனி அறையும் மண்ணும் சூளையும் அளித்து, அவர் விரும்பியதை ஆக்குமாறு விட்டனர். வணிக ஆலை ஒன்று அவ்வாறு செய்தது வியத்தற்குரியது.

பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. பின்லாந்து கரேலியா என்னும் நிலப்பகுதியைச் சோவியத்து நாட்டிடம் இழந்தது. நான்கு இலக்கத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து உள்நாட்டில் குடியேறினர். போர் இழப்பீட்டுப் பொருள்களை 1952 வரை அந்நாடு செலுத்த நேர்ந்தது. வீடுகள் சிறியன, பொருள்கள் அரியன. அக்காலத்தே அரபியா ஆலையில் வீட்டுக் கலங்களை வகுக்கும் பொறுப்பிலிருந்தவர் காய் பிராங்கு. நூறு உருப்படிகள் கொண்ட பழைய விருந்துக் கலத்தொகுதி இச்சிற்றில்லங்களுக்கு எதற்கு என்று அவர் எண்ணினார். 1953-ஆம் ஆண்டு 'கில்த்தா' என்னும் கலங்கள் அவர் வகுத்தபடி வெளிவந்தன. அவை வட்டமும் சதுரமும் போன்ற எளிய வடிவின. ஒரே நிறம் பூசப்பட்டவை. ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கத் தக்கவை. அடுப்பிலிருந்து நேரே உண்ணுமிடத்துக்கு எடுத்து வரத் தக்கவை. வேண்டியதை ஒவ்வொன்றாகவும் வாங்கலாம். வறுமையும் இடநெருக்கமும் அங்கே அழகின் இலக்கணத்தை வகுத்தன. இவற்றின் வழிவந்த கலங்கள் 'தேமா' என்னும் பெயரால் 1981 முதல் வழங்குகின்றன. மற்றொருபால், கலைப்பிரிவைச் சேர்ந்த ரூத் பிரூக் என்னும் பெண்மணி 1951-ஆம் ஆண்டு மிலான் நகரக் கண்காட்சியில் பெரும் பரிசு பெற்றார். போரால் நலிந்த நாட்டின் பெயரை உலகம் உவந்து நோக்குமாறு செய்தவருள் மண்ணில் வேலை செய்தோரும் அடங்குவர்.

கலைஞர் புகழ் ஓங்கிய 1960-களில் காய் பிராங்கு ஒரு கருத்தை வற்புறுத்தினார். அன்றாடம் பயன்படும் கலத்திற்கு ஆக்கியோன் பெயர் வேண்டுவதில்லை. கலமே பேசட்டும் என்றார். உயர்ந்த கருத்தே. ஆயினும் இதனைப் படித்தபோது என் நினைவு எங்கள் ஊர்க்கோடிச் சூளைக்கே சென்றது. பெயர் பெற்றவர் பெயரைத் துறக்கலாம், அது துறவு. பெயரே வழங்கப்பெறாதவர் எதனைத் துறப்பார்?

யான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, வேட்கோ என்னும் சொல்லை விளக்குதற்பொருட்டு ஒருநாள் மாணவரை எங்கள் ஊர்க் குயவர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றேன். முதியவர் அகமகிழ்ந்து வரவேற்றார். ஏரி மண்ணையும் மணலையும் கலந்து மிதித்து வைத்திருந்த பிசைவிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் வைத்துக் கோலால் சுழற்றினார். கண்ணிமைக்கும் பொழுதில் கழுத்தும் தோளும் எழுந்தன. நூலால் அறுத்து எடுத்தபோது பானைக்கு அடி இல்லாதது கண்டு மாணவர் திகைத்தனர். "அடி பிறகுதான் வரும் பிள்ளைகளே" என்று நகைத்தார் அவர். சற்று உலர்ந்த மற்றொரு பானையை எடுத்து, உட்புறம் ஒரு கல்லைத் தாங்கி, வெளிப்புறம் மரப்பலகையால் தட்டத் தட்ட, பக்கங்களில் இருந்த மண் நகர்ந்து சென்று அடியை மூடிற்று.

"பெரியவரே, சங்க காலத்தில் உங்களைக் 'கோ' என்னும் சொல்லால் புலவர்கள் அழைத்தார்கள்" என்றேன்.

"அப்படிங்களா, வாத்தியாரய்யா! இன்றைக்கு 'ஏ பானைக்காரரே' என்று அழைக்கிறார்கள். அழைப்பது எப்படியோ போகட்டும். என் மகன் லாரி ஓட்டப் போய்விட்டான். எனக்குப் பின் இந்தச் சக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை. அதுதான் எனக்குக் குறை" என்றார் முதியவர்.

மகனைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. மழைக்காலத்தில் சூளை எரியாது. கோடையில் மண் எடுக்க ஒப்புதல் வேண்டும். விறகு விலை ஏறிற்று. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து, சொன்ன விலையில் பாதிக்குக் கேட்பார்கள். லாரி ஓட்டுநருக்கு மாதம் பிறந்தால் ஊதியம் உண்டு. தந்தையின் தொழிலை மகன் செய்தே ஆக வேண்டும் என்பது அறமும் அன்று. யார் விரும்பினும் கற்கலாம், கற்றவர் எவராயினும் மதிப்போடு வாழலாம் என்னும் நிலை வந்தாலன்றி எக்கலையும் நிலைபெறாது. பின்லாந்தில் கலைஞராய் விளங்கியோர் குயவர் குடியிற் பிறந்தமையால் கலைஞரானவர் அல்லர். பள்ளியிற் கற்றுக் கலைஞரானவர்.

நம் நாட்டிலும் அந்நிலை அரும்பாமல் இல்லை. 1971-ஆம் ஆண்டு புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா சுமித் என்னும் அமெரிக்கர் இருவர் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலச் சாலையில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர் வந்து பயின்று கலைஞராயினர். மானாமதுரையில் இசைக்கருவியாகிய கடம் செய்யும் பெண்மணி ஒருவர் சங்கீத நாடக அகாதெமியின் விருது பெற்றார். கடம் வாசித்தவரை அதுவரை அறிந்திருந்த நாடு, அதனை வனைந்த கையையும் அன்று கண்டது. 2020-ஆம் ஆண்டு புதுச்சேரியைச் சேர்ந்த சுடுமண் கலைஞர் முனுசாமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. மானாமதுரை மட்கலங்கள் 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றன. இவை நற்குறிகள்.

எனினும் விருதும் குறியீடும் மட்டுமே ஒரு கலையைக் காத்துவிடா. ஹெல்சிங்கியில் நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கிய அரபியா ஆலை 2016-இல் மூடப்பட்டது. அப்பெயர் தாங்கிய கலங்கள் இப்போது வேற்றுநாடுகளில் ஆக்கப்படுகின்றன. அங்கும் ஆதாயக் கணக்கு சூளையை அவித்தது. ஆனால் அந்நாட்டார் தம் கலைஞரின் பெயர்களை மறக்கவில்லை; அவர் ஆக்கிய கலங்களை அருங்காட்சியகங்களில் வைத்துக் காக்கின்றனர்; பள்ளிகளில் மண்ணைப் பிசையக் கற்பிக்கின்றனர். சூளை அவிந்தாலும் மதிப்பு அவியாதிருப்பின், மற்றொரு நாள் மற்றொருவர் அதனை மூட்டுவர்.

மாணவர்களே! தைப்பொங்கலுக்குப் புதுப்பானை வாங்க நீங்களும் பெற்றோருடன் சந்தைக்குச் செல்வீர்கள். பானையைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று ஒலிக்கும் பானையையே தேர்ந்தெடுங்கள், அதில் பிழையில்லை. அதனைக் குறைத்த விலைக்குக் கேளாதீர்கள். விலையைக் கேட்கும் முன்னர், "ஐயா, இதனை வனைந்தவர் யார்? அவர் பெயர் என்ன?" என்று கேளுங்கள். பானையை விற்பவரே வனைந்தவராயின் அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். கேட்ட பெயரை நினைவிற் கொள்ளுங்கள். இல்லத்தில் பொங்கல் பொங்கும் வேளையில் அதனைச் சொல்லுங்கள்.